நல்ல நேரத்தில் பிறந்த சான்றிதழ்

போன வாரம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். சர்வரின் சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலை முதன்முறையாக அவள் கைக்கு வந்திருக்கிறது. நான் எழுதி வைத்துவிட்டு வந்த குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேடம், தேவையான பொருள்கள்னு ஒரு பட்டியல் போட்டிருக்கீங்க. பென்டிரைவ் ஒண்ணு, சோதனைக் கணினி ஒண்ணு, சரி. மூணாவதா எலுமிச்சம்பழம் ஒண்ணுன்னு இருக்கே, அது எதுக்கு?"

குடித்துக்கொண்டிருந்த காபி எனக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் நாலு பேர் புதிதாக வந்து மாட்டியிருக்கிறீர்கள், விடுவேனா? எலுமிச்சம்பழத்தின் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றுக்கு மூன்றாக வரும். அவற்றை மறைக்கும் வயது தாண்டிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நம் உழவர் கூட்டமைப்புக்கு ஒன்பது நெற்களங்கள். சர்வர் தஞ்சாவூர் அலுவலகத்தில். உழவர் நெல்லைக் கொண்டுவந்து களத்தில் கொட்டியதும், களத்துக் கணினி இங்கே இருக்கும் சர்வரைக் கேட்டு ஒரு சீட்டு அச்சடிக்கும். சீட்டு வந்தபிறகுதான் ஈரப்பதம் பார்ப்பது, எடை போடுவது, கிடங்குக்குள் அடுக்குவது எல்லாம். சீட்டு இல்லாமல் ஒரு மூட்டைகூட உள்ளே போகாது. கையால் எழுதிய காலத்தில் ஒருவருடைய விதைநெல்லோடு இன்னொருவருடைய சாப்பாட்டு நெல் கலந்துபோய், இரண்டு ஊர்க்காரர்கள் கல்யாணம் காட்சிக்குக்கூட அழைத்துக்கொள்ளாமல் இருந்தார்கள். அதிலிருந்து அந்த விதி இரும்பு விதி.

ஆரம்பத்தில் களமும் சர்வரும் பேசிக்கொண்டதெல்லாம் வெட்டவெளிப் பேச்சு. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பட்டுக்கோட்டைக் களத்துக்கு இணையம் சரிசெய்ய வந்த ஒருவர், தன் மடிக்கணினியில் எங்கள் உழவர்களின் பெயர், கைப்பேசி எண், சர்வே எண், எத்தனை மூட்டை என்பதெல்லாம் வரிசையாக ஓடுவதைக் காட்டி, "இது உங்களுதா மேடம்?" என்று கேட்டார். நல்ல மனிதர், அதனால் கேட்டார். எல்லோரும் கேட்பார்களா? களத்திலிருந்து உழவர் வீடு போய்ச் சேர்வதற்குள், மூட்டைக் கணக்கை விரல்நுனியில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு தரகர் வாசலில் நிற்பது எப்படி என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதன்பிறகு இணைப்பை மறைகுறியாக்கும், அதாவது வழியில் எவரும் படிக்க முடியாதபடி பூட்டும் வேலையில் இறங்கினேன்.

இறங்கினேன் என்று சொல்வதைவிட வழுக்கி விழுந்தேன் என்று சொல்லலாம். சர்வருக்கு ஒரு சான்றிதழ் செய்தேன், 'நான் அசல் சர்வர்தான்' என்று களத்துக் கணினிக்குக் காட்டும் அடையாள அட்டை அது. களத்துக் கணினிகளில் 'மறைத்துப் பேசு' என்று அமைத்தேன். ஒன்பது களத்திலும் இணைப்பு வந்தது. மறுநாள் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். அப்போது பட்டுக்கோட்டைக் களத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜகுமாரி ஒரு கேள்வி கேட்டாள். மல்லிப்பட்டினம் பக்கம் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பெண். கணினிப் படிப்பு ஆறு மாதம்தான், வாய் ஆறு வருடப் படிப்பு.

"வரவேண்டியவங்க வந்தா உள்ள விடுதுன்னு பாத்துட்டீங்க மேடம். வரக்கூடாதவங்க வந்தா தொரத்துதான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அன்று மாலை வேண்டுமென்றே சர்வரிலிருந்து சான்றிதழை எடுத்துவிட்டு இணைத்துப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இணைந்தது. நான் போட்டிருந்த அமைப்புக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'முடிந்தால் மறைத்துப் பேசு, முடியாவிட்டால் வெளிப்படையாகவே பேசிக்கொள்.' வாங்கிய பூட்டைக் கதவில் மாட்டாமல் ஆணியில் தொங்கவிட்டு, வீடு பத்திரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பால்கோவா வேறு கொடுத்தாகிவிட்டது, திருப்பிக் கேட்கவும் முடியாது.

அதன்பிறகு கடுமையான அமைப்புக்கு மாற்றினேன். மறைத்துத்தான் பேச வேண்டும், சான்றிதழில் நம் கையெழுத்துச் சாவியின் (முத்திரை குத்தும் ரகசியக் கோப்பு அது) கையெழுத்து இருக்க வேண்டும், சர்வரின் பெயர் பொருந்த வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் களத்துக் கணினி இணையக் கூடாது. தப்பான பெயர், தப்பான கையெழுத்து, காலாவதியான சான்றிதழ், சான்றிதழே இல்லாத சர்வர் என்று நான்கு திருட்டு வேடங்களும் போட்டுப் பார்த்தேன். நான்குக்கும் மறுத்தது. மறுக்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் இணையும்போதுகூட வந்ததில்லை. உங்களுக்கும் அந்தச் சந்தோஷம் பழக வேண்டும். ஓர் இணைப்பு சரியா என்று தெரிய, அது எதை மறுக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு பாவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். களத்துக் கணினிகள் தஞ்சாவூரிலிருந்து ஓர் அமைப்புக் கோப்பை வாங்கிப் படிக்கும். அதில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், ஒன்பது களத்திலும் சரிபார்ப்பு நின்றுவிடும். ஒருமுறை தாராசுரம் பக்கத்துக் களத்துக்குப் புதுக் கணினி வந்து தகராறு செய்தபோது, 'இன்றைக்கு மட்டும்' என்று அந்த வார்த்தையை மாற்றினேன். அந்த 'இன்றைக்கு' அடுத்த சம்பா அறுவடை வரைக்கும் நீண்டது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கு ஞாபகம் வருகிறது? திரும்பவும் தரகர்கள் வாசலில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இனி எவர் கேட்டாலும் அந்த வார்த்தையைத் தொடுவதில்லை என்று அன்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

இப்போது எலுமிச்சம்பழம்.

அப்போது எங்கள் மேலாளர், நாள் நட்சத்திரம் பார்க்காமல் பேனாவுக்கு ரீஃபில்கூட மாற்றாதவர். மற்றபடி தங்கமான மனிதர். சான்றிதழ் புதுப்பிக்கும் வாரம் வந்தது. திங்கள் அஷ்டமி என்றார். செவ்வாய் நவமி, போதாக்குறைக்குச் செவ்வாய். புதன்கிழமை அவருக்குச் சந்திராஷ்டமம். பழைய சான்றிதழின் ஆயுள் வியாழன் காலை பத்து மணியோடு முடிகிறது. சரி, வியாழன் என்று ஒத்துக்கொண்டோம். நான் எதற்கோ பழைய சான்றிதழைத் திரையில் திறந்து காட்டப்போக, அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"பேர் இருக்கு, ஊர் இருக்கு, யாரு குடுத்ததுன்னு இருக்கு, பொறந்த நேரம் இருக்கு, ஆயுள்கூட போட்டிருக்கு. இது ஜாதகம்தானேம்மா?"

யோசித்துப் பார்த்தால் ஜாதகம்தான். உடனே அவர் நாள்காட்டித் தாளைப் பார்த்து, வியாழக்கிழமை குளிகை முடிந்து பத்தே முக்காலுக்கு நல்ல நேரம் தொடங்குவதாகச் சொன்னார். நாம் எப்போது போட்டு இயக்குகிறோம் என்பது முக்கியமில்லையாம், சான்றிதழுக்குள்ளேயே பிறந்த நேரம் பத்தே முக்கால் என்று இருக்க வேண்டுமாம். எனக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. இதிலென்ன குறைந்துவிடப் போகிறது என்று புதன் மாலையே உட்கார்ந்து, தொடக்க நேரத்தைக் கையால் தட்டிப் புதுச் சான்றிதழைச் செய்தேன். சான்றிதழில் கையெழுத்திடும் சாவி ஒரு பென்டிரைவில் இருக்கும். அது சர்வரில் இருக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே எடுக்க வேண்டும் என்பதால் மேலாளரின் இரும்பு அலமாரியில் வைத்திருந்தோம். வேலை முடிந்ததும் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுநாள் தன் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமி பாதத்தில் வைத்து எடுத்துவருவதாகச் சொன்னார். சரி சார் என்றேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதுச் சான்றிதழைச் சோதித்தேனா என்று கேட்கமாட்டீர்களா? கேளுங்கள். சோதிக்கவில்லை. நாளைக்குப் பிறக்கப் போவதை இன்றைக்கு எப்படிச் சோதிப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சோதனைக் கணினியின் கடிகாரத்தை மறுநாள் காலை பத்தே முக்காலுக்குத் தள்ளி வைத்தால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தன் முறைக்கு வந்தபோது வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள்.

வியாழக்கிழமை. தை மாதக் கடைசி, சம்பா அறுவடை மும்முரம். காலையில் கடல் பக்கமிருந்து கருமேகம் ஏறுவதாகக் கிழக்குக் களங்களிலிருந்து சொன்னார்கள். பத்து மணிக்குக் களங்களில் முக்கால் மணி நேர நிறுத்தம், முன்பே அறிவித்ததுதான். மேலாளர் சர்வர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கற்பூரம் கொளுத்தப் போனவரைத் தடுத்தேன், அதற்குப் பதிலாக யுபிஎஸ் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குலதெய்வத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பத்தே முக்கால் ஆனதும் சான்றிதழை மாற்றிச் சர்வரை எழுப்பினேன்.

ஒரு களமும் இணையவில்லை. 'சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி' என்ற ஒரே வரி. ஏன் தோல்வி என்று சொல்லாது, அவ்வளவு அழுத்தம். பெயரைச் சரிபார்த்தேன், சரி. கையெழுத்தைச் சரிபார்த்தேன், சரி. பழைய சான்றிதழைத் திரும்பப் போடலாமென்றால் அது பத்து மணிக்கே உயிரை விட்டுவிட்டது. புதிதாக ஒன்று செய்யலாமென்றால் கையெழுத்துச் சாவி சாமி தரிசனத்துக்குப் போயிருக்கிறது. மேலாளர் கோயிலுக்குப் போனால் போனை அணைத்துவிடுவார், அது அவருடைய பக்தி. ஒரு களப் பொறுப்பாளரை அழைத்து, இன்றைக்குக் காகிதத்தில் எழுதிக்கொண்டு நெல்லை உள்ளே விடுங்களேன் என்றேன். மேலாளர் கையெழுத்தோடு உத்தரவு வந்தால் விடுவதாக அவர் மரியாதையாகச் சொன்னார்.

அப்போதுதான் என் தம்பி சேகர் போன் செய்தான். அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அம்மா காலமெல்லாம் பிறர் வயலில் நட்டு, பிறர் வயலில் அறுத்தவர்கள். சேகர்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்தமாக நிலம் வாங்கினான், ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அது அந்த நிலத்தில் அவன் எடுத்த முதல் அறுவடை, ஐம்பத்திரண்டு மூட்டை. அதை விடியற்காலையில் திருப்பனந்தாள் பக்கத்துக் களத்தில் கொட்டிவிட்டு, ஐந்து பேர் வரிசையில் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தான். கையில் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அதிலும் ஓட்டை.

"அக்கா, உன் மெஷின் என் நெல்ல வேணாங்குது."

பொறுடா என்றேன்.

"பொங்கலுக்கு வந்தப்ப, ஒரு வார்த்தைய மாத்துனா எல்லாம் தொறந்துக்கும்னு நீதானே பெருமையடிச்ச? அத மாத்தேன்."

"மாத்த மாட்டேன்டா."

"எனக்காகக்கூடவா?"

"உனக்காகன்னா சுத்தமா மாத்த மாட்டேன்."

போனை வைத்துவிட்டான். பிள்ளைகளே, வீரமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த அமைப்புக் கோப்பு என் திரையில் திறந்துதான் இருந்தது. கை அந்த வார்த்தையின் மேலேயே நின்றது. அம்மா உயிரோடு இருந்து அந்த ஐம்பத்திரண்டு மூட்டையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. ஆனால் என் தம்பிக்காகத் திறந்தால், ஒன்பது களத்து மக்களின் பெயரும் எண்ணும் நிலக் கணக்கும் வெட்டவெளியில் ஓடும். அதைத் திரும்ப மூடுவேன் என்று நானே என்னை நம்பத் தயாராக இல்லை. ஏற்கெனவே ஒருமுறை மூடாதவள் நான். கோப்பை மூடினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். யுபிஎஸ் மேல் எலுமிச்சம்பழம் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டினேன், அந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பதினொன்று பத்துக்கு ராஜகுமாரி அழைத்தாள். களங்களுக்கென்று இருந்த கைப்பேசிக் குழுவில் எல்லோரும் புலம்புகிறார்களே, என்ன விஷயம் என்று விசாரித்தாள். உன் களத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று எரிந்து விழுந்தேன்.

"இங்க நல்லாத்தான் ஓடுது மேடம். இது மூணாவது சீட்டு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்பதில் ஒன்று மட்டும் எப்படி? உன் கணினியில் இன்று என்ன செய்தாய் என்று துருவினேன். நிறுத்த நேரத்தில் கரண்ட் போய்ப் பத்தரைக்குத்தான் வந்ததாம். கணினிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்து மாசக்கணக்காகிறது, கரண்ட் போனால் கடிகாரம் கன்னாபின்னாவென்று காட்டும், அதனால் வழக்கம்போலக் கையால் நேரம் வைத்தாளாம்.

"இப்ப என்ன மணி காட்டுது?"

"பதினொண்ணு பத்து."

"காலையா, ராத்திரியா?"

நாற்காலியை இழுத்துத் திரையருகே போகும் சத்தம் கேட்டது.

"ராத்திரி, மேடம்."

எனக்கு மேசையைத் தட்டிக் குதிக்க வேண்டும்போல இருந்தது, குதித்தும்விட்டேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ராத்திரி என்று நம்பும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகிறது, காலை என்று நம்பும் கணினிக்குச் செல்லுபடியாகவில்லை. அப்படியென்றால் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! நான் தட்டிய பத்தே முக்காலைச் சான்றிதழ் செய்யும் மென்பொருள் தஞ்சாவூர் நேரமாக எடுத்துக்கொள்ளவில்லை. லண்டன் நேரமாக எடுத்துக்கொண்டது. அங்கே பத்தே முக்கால் என்றால் நமக்கு மாலை நாலேகால். எங்கள் மேலாளர் காவிரிக்கரை நாள்காட்டியில் நல்ல நேரம் குறித்தார், நான் அதைக் கொண்டுபோய்த் தேம்ஸ் நதிக்கரையில் வைத்துவிட்டேன்.

சரி, நாலேகால் வரைக்கும் காத்திருந்தால் தானாகப் பிறந்துவிடும். ஆனால் மேகம் காத்திருக்குமா? என்னிடம் இருந்தது ஒரே வழி. களத்துக் கணினிகளின் கடிகாரங்களை மாலை ஐந்து மணி என்று பொய் சொல்ல வைப்பது. பொய் பொய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொய்யில் பூட்டு பூட்டாகவே இருக்கிறது. மறைத்துத்தான் பேசும், கையெழுத்தைப் பார்க்கும், பெயரைப் பார்க்கும். சீட்டில் அச்சாகும் நேரத்தைச் சர்வர்தான் கொடுக்கிறது, அதனால் உழவர் கையில் தப்பான நேரம் போகாது. நெருக்கடியில் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, எதை வளைத்தால் மறுபடி நிமிர்த்த முடியுமோ அதை வளையுங்கள். எனக்கு இது அன்று அரைகுறையாகத்தான் தெரிந்தது, இப்போது தெளிவாகச் சொல்கிறேன்.

குழுவில் ஒரு செய்தி போட்டேன்: எல்லோரும் கடிகாரத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். போட்டிருக்கவே கூடாது. ஒருவர் மணிக்குப் பதிலாக மாதத்தை ஐந்தாக்கிவிட்டார். இன்னொருவர் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, "மாத்திட்டேன் மேடம், இன்னும் இணையல" என்றார். மூன்றாமவர், ஐந்து மணி ஆகிவிட்டதால் களத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று பணிவோடு கேட்டார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் மூக்கு வழியாகத்தான் வெளியேறும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது.

இனி ஒவ்வொரு களத்தையும் தனித்தனியாக அழைத்து, கூடவே இருந்து மாற்றவைக்க வேண்டும். எட்டுக் களம், ஒன்றுக்குப் பத்து நிமிடம். எதை முதலில்? அங்கேதான் மனசு திருப்பனந்தாள் பக்கம் இழுத்தது. நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: உங்கள் தலைக்கு மேல் கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? கிழக்குக் களங்களில் கறுத்துக் கிடந்தது. தாராசுரத்தில் பாதிக்குப் பாதி. திருப்பனந்தாளில் மட்டும் சுள்ளென்று வெயில். வேறு வழியில்லை, தம்பி களத்தைக் கடைசியில் எழுதினேன். இடையில் அவன் மூன்று முறை அழைத்தான், எடுக்கவில்லை. எடுத்தால் இளகிவிடுவேன்.

கிழக்குக் களங்களில் மழை இறங்கியபோது மூட்டைகள் எல்லாம் கிடங்குக்குள் இருந்தன. ஒரு மணிக்குத் திருப்பனந்தாள் களம் இணைந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து, அதுவரை சுள்ளென்று காய்ந்துகொண்டிருந்த அந்த வானமும் கறுத்துக் கொட்டித் தீர்த்ததாம். முன்னால் இருந்த நாலு பேருடைய நெல்லும் உள்ளே போய், சேகருடையது போய்க்கொண்டிருந்த நேரம். அன்று ஒன்பது களத்திலும் சேர்த்து நனைந்தது பதினொரு மூட்டை. பதினொன்றும் என் தம்பியுடையது.

நாலேகாலுக்குச் சான்றிதழ் முறைப்படி பிறந்தது. உடனே மறுபடி ஒன்பது களத்தையும் அழைத்து, கடிகாரங்களை உண்மை பேச வைத்து, தாளில் ஒவ்வொன்றாக அடித்தேன். இந்த அடிக்கும் வேலையைத்தான் உங்களுக்கு வலியுறுத்துகிறேன். வளைத்தவள் நிமிர்த்தினாளா என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. சுவர்க் கடிகாரத்தையும் விடவில்லை.

ஆறு மணிக்கு மேலாளர் நெற்றி நிறைய விபூதியோடும் கை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடும் வந்தார். எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். நேரத்தைத் தப்பாகத் தட்டியதும், சோதிக்காமல் விட்டதும் என் தவறு என்றும் சொன்னேன். அவர் முகம் வாடியது. சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, இதை நான் கொண்டுபோயிருக்கக் கூடாது என்றார். பிறகு நாள்காட்டிக்குப் போய் நின்றார். தாளைத்தான் நான் கிழித்துவிட்டேனே, என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நாலேகால்னா, ராகு காலம் மூணு மணிக்கே போயிடுச்சு. அதுவும் நல்ல நேரந்தாம்மா."

அடுத்த ஆண்டு அவரே குறிப்பேட்டில் எலுமிச்சம்பழம் என்று எழுதினார். நான் அதற்கு மேலே 'சோதனைக் கணினி: கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்' என்றும், 'நேரம்: தஞ்சாவூரா, லண்டனா?' என்றும் எழுதினேன். பென்டிரைவ் அலமாரியை விட்டு அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது என்பதை இருவரும் சேர்ந்து எழுதினோம். ஓய்வு பெறும்போது எலுமிச்சம்பழத்தை மட்டும் அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அதை வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் பத்து நிமிடத்தில் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஏதாவது ஒன்று ஞாபகம் வந்திருக்கிறது, சோதிக்காமல் விட்ட ஏதாவது ஒன்று. நம்பிக்கை இருந்தால் யுபிஎஸ் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் சாதம் கிளறுங்கள். வாங்கப் போவது மட்டும் நீங்களாகவே இருங்கள்.

சேகர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். நனைந்த நெல்லை முளைவிடுவதற்குள் அவித்துக் காயவைத்து அரைத்திருக்கிறான். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

"இது நீ நனச்ச அரிசி. நீதான் திங்கணும்."

தின்கிறேன் என்றேன். உள்ளே வந்து காபி குடித்தான். இன்னும் கோபமா என்று கேட்டேன்.

"கோவந்தான். அன்னிக்கு களத்துல நான் வாய விட்டுட்டேன். தஞ்சாவூர்ல ஒக்காந்திருக்கறது எங்க அக்காதான், நம்ம களத்ததான் மொதல்ல தொறப்பான்னு. நீ கடைசியா தொறந்த. நாலு பேரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க." டம்ளரைக் கீழே வைத்தான். "மழை வந்தப்ப, அந்த நாலு பேருந்தான் ஓடிவந்து என் மூட்டையத் தூக்குனாங்க. இல்லேன்னா அம்பத்திரண்டும் போயிருக்கும்."

அந்த அரிசியை நாலு மாதம் சாப்பிட்டோம். சோற்றில் கொஞ்சம் ஈர வாடை இருந்தது உண்மைதான். ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை.